ஓசபேர்க் கூடாரத்துக்கு உங்கள் பங்கு

அன்பின் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

போன செப்டெம்பரில் நோர்வேயின் தொன்ஸ்பேர்க் ஊரில் நடந்த வைக்கிங் விழாவுக்கு வந்தவர்களுக்கு எங்கள் கூடாரம் நினைவிருக்கும். இரண்டாம் நாள் கடற்காற்றில் நடுக்கம்பு முறிந்து, வாடின வாழையிலை மாதிரிச் சுருண்டு விழுந்ததே, அதுதான். மலிவாக வாங்கியது. விலையைப் பார்த்தோம், கம்பைப் பார்க்கவில்லை. பிழை எங்களுடையதுதான்.

சரி, இந்த முறை நாங்களே ஒன்று செய்யப்போகிறோம். மாதிரிக்குத் தூரம் போகத் தேவையில்லை. 1904-இல் ஊருக்கு வெளியே ஓசபேர்க் புதைமேட்டைத் தோண்டியபோது, 834-இல் இரண்டு பெண்களை வைத்துப் புதைத்த கப்பலோடு கூடாரச் சட்டங்களும் கிடைத்தன. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டிரண்டு பலகைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே நிற்கும். அவற்றின் நுனிகளில் மிருகத் தலைகள் செதுக்கியிருக்கும். இரு பக்கத்தையும் நீளக் கழிகள் இணைக்கும். கழற்றிக் கட்டினால் கப்பலில் ஏற்றிவிடலாம், எங்களுக்குக் காரின் கூரை போதும்.

அதே மேட்டில், 52 சிறு மரச்சதுரங்களில் நூல் கோத்தபடியே பாதியில் நின்ற ஒரு நாடா நெசவும் கிடைத்தது. சதுரங்களைத் திருப்பத் திருப்பக் கோலம் விழும். கூடாரத்துக்குள் பிள்ளைகளை உட்கார்த்தி இதைப் பழக்குவதுதான் எங்கள் முக்கிய ஆசை. கொம்பு வைத்த தொப்பிக்கு மட்டும் ஒரு குரோணரும் செலவழிக்க மாட்டோம். வைக்கிங்குகள் அப்படி அணிந்ததற்குச் சான்றே இல்லை.

“எங்களுக்கும் வைக்கிங்குக்கும் என்ன சம்பந்தம்?” என்று கூட்டத்தில் ஒரு அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. 1956-இல் குருநகரிலிருந்து இங்கே வந்த அந்தோனி இராஜேந்திரம், நோர்வே மக்களிடம் கையேந்தித் திரட்டிய பணத்தில்தான் யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர்களுக்காக சீநோர் என்ற நிறுவனம் தொடங்கியது, அது காரைநகரில் படகு கட்டியது. எங்கள் கடலுக்கு இவர்கள் தந்தார்கள். பிள்ளைகள் பிறந்து வளரும் இந்தக் கரைக்கு ஒரு கூடாரம் அடிக்க நாம் தரக்கூடாதா? குழுவில் பாதிப்பேர் நோர்வேஜிய அயலவர்கள் என்பதையும் அண்ணைக்குச் சொன்னோம். அவர் 500 குரோணர் தந்துவிட்டுத்தான் போனார்.

விழுந்த கூடாரத்தை நினைத்துக் கூச்சப்படவும் வேண்டாம். ஓசபேர்க் கப்பலின் 1987-ஆம் ஆண்டு நகல் மறுவருடமே கடலில் மூழ்கிப்போனது. மூலத்தின் முன்பகுதித் துண்டுகளைப் பொருத்திய விதமே பிழை என்று பிறகுதான் பிடிபட்டது. திரும்ப அளந்து, ஓக் மரத்தைக் கோடாரியால் செதுக்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டி 2012-இல் நீரில் இறக்கியதுதான் இன்று துறைமுகத்தில் நிற்கும் கப்பல்.

கணக்கு இது. லினன் துணிக்கு 24,000 குரோணர். கம்பளித் துணியே பொருத்தமாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள், நமக்குக் கட்டாது. ஆஷ் மரப் பலகைகளுக்கு 14,000. இரண்டு வார இறுதிகளில் செதுக்கப் பழக்கும் ஆசிரியருக்கும் உளிகளுக்கும் 10,000. மொத்தம் 48,000. இதுவரை சேர்ந்தது 11,500. இன்னும் 36,500 வேண்டும். எவ்வளவு தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவை ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்போம்.

பணம் முடியாதவர்கள் கை கொடுக்கலாம். துணி தைக்க நான்கு பேரும், பட்டறை நாட்களில் சமைக்க இரண்டு பேரும் வேண்டும். விழாக் கூடாரத்துக்குள் மிளகாயும் உருளைக்கிழங்கும் ஆகாது, வைக்கிங் காலத்தில் இரண்டும் ஐரோப்பாவுக்கே வரவில்லை. பட்டறையில் தாராளமாகப் போடலாம்.

கைபேசியில் பணம் அனுப்பும் விப்ஸ் செயலிக்கான இலக்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. மரக்காரருக்கு ஏப்ரல் முதல் வாரம் முன்பணம் கட்ட வேண்டும், அதற்குள் உங்கள் பங்கு வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
கூடாரக் குழு