அறையை அளக்காமல் ஸ்பீக்கர் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் இசை கேட்பதற்கான உயர்தர ஸ்பீக்கர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெட்டி வால்நட் மரமா ஓக் மரமா, எந்த நாட்டுத் தயாரிப்பு, ஜோடி எத்தனை லட்சம் என்று எல்லாம் விவரமாக இருந்தது. எந்த அறையில் வைத்துக் கேட்டார்கள் என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை. சமையல்காரரைப் பேசி முடித்த பிறகு பந்தி போட இடம் இருக்கிறதா என்று பார்க்கிற கதை இது.

நான் காரைக்குடியில் ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் என்று குழாய் கட்டியே காலம் போயிற்று. இப்போது தொழில் மகனிடம். யாராவது சொந்தக்காரர் நல்ல ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பினால் துணைக்கு என்னை அழைத்துப் போவார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்னையில் ஒரு கடையில் பல லட்சம் கொடுத்து, நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினான். அதைப் பூர்வீக வீட்டின் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புப் பூச்சு, மேலே பர்மாத் தேக்கு. கண்ணுக்கு அழகுதான். ஆனால் நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை கை தட்டினால் 'டர்ர்ர்' என்று ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே வயலின் தனிக்கச்சேரி ஒன்றைப் போட்டான். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் அதன் மேல் ஏறியது. மருமகன் ஆம்ப்ளிபயரைக் குறை சொன்னான், பிறகு வயரைக் குறை சொன்னான். கடைக்காரர் அதைவிட விலை கூடிய வயரைக் காட்டினார். (வயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மீட்டர் தூரத்துக்கு, வீட்டு மின்இணைப்புக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம்.)

பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரிலும் பக்கச் சுவர்களிலும் சாத்தி வைத்தோம். தரையில் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். மறுபடி கை தட்டியபோது அந்த 'டர்ர்ர்' இல்லை. வில்லைத் திருப்பும் இடம்கூடத் தெளிவாகக் கேட்டது. இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு அரங்கில் பேசியது எதுவுமே புரியவில்லை, சொன்ன சொல் ஐந்து விநாடிக்கு மேல் காற்றில் நின்றது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு 1895-இல் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி அடுக்கி ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். இன்றைக்கும் அரங்கம் கட்டுகிறவர்கள் அவருடைய கணக்கைத்தான் போடுகிறார்கள்.

மெத்தை எல்லாவற்றையும் தீர்க்காது. கீழ்ஸ்தாயி ஒலிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். அரை அடிப் பஞ்சு அதை என்ன செய்துவிடும்? இங்கேதான் நம் ஊர் அடுக்குமாடி வீடுகளின் பத்துக்குப் பத்து அறை வம்பு செய்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அறையின் நீளத்தை மீட்டரில் அளந்து இரண்டால் பெருக்கி, வந்ததால் 343-ஐ வகுத்தால் அந்த அறை எந்த ஒலியில் முழங்கும் என்று தெரிந்துவிடும். பத்து அடிக்கு 56 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 112. அகலமும் பத்து அடி, உயரமும் பத்து அடி என்றால் மூன்றின் முழக்கமும் அதே ஹெர்ட்ஸில் வந்து குவியும். அப்படிப்பட்ட அறையின் மூலையில் ஸ்பீக்கரை வைத்து, பின்சுவரில் தலையைச் சாய்த்துக் கேட்டால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி 'பூம் பூம்' என்று ஊதிப் பெருத்து, வலப்பக்கமான வலந்தலையை விழுங்கிவிடும். அறைக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே தொப்பி இளைத்துப் போகும். இரண்டுக்கும் ஸ்பீக்கர் பொறுப்பல்ல. பன்னிரண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் அங்கே இப்படித்தான் ஒலிக்கும். பத்துக்குப் பதினான்கு அறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் இழுங்கள், நாற்காலியையும் பின்சுவரை விட்டு நகர்த்துங்கள். காசு செலவில்லாத வேலை இது.

மிருதங்கத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைப் போல ஸ்பீக்கரைச் சோதிக்கும் வாத்தியம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. சாதாரணத் தோல்கருவிக்கு இல்லாத சுருதி அதற்கு இருக்கிறது. வலந்தலையின் நடுவில் உள்ள கரணை என்ற கறுப்புப் பூச்சுதான் அந்தச் சுருதியைத் தருகிறது என்பதை சர் சி.வி. ராமன் ஆராய்ந்து 1920-இலேயே எழுதினார். நல்ல ஸ்பீக்கரில் வலந்தலையில் 'சாபு' என்ற அடி விழுந்ததும் அடியின் ஓசையோடு சுருதியும் சேர்ந்து கேட்க வேண்டும். அடி மட்டும் கேட்டு சுருதி கேட்கவில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். கடைகளில் போட்டுக்காட்டும் வெடிச்சத்தமும் ஹெலிகாப்டரும் எதையும் சொல்லாது. ஹெலிகாப்டரின் சுருதி யாருக்குத் தெரியும்?

கடையில் ஒப்பிட்டுக் காட்டும் முறையைப் பற்றித்தான் எனக்குக் கோபமே. ஒரே வால்யூமில் இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒன்றின் உணர்திறன் (ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கு) 84 டெசிபல், இன்னொன்றுக்கு 90 என்றால், இரண்டாவது தானாகவே சத்தமாகக் கேட்கும். முதலாவதை அதற்குச் சமமாக ஒலிக்கவைக்க நான்கு மடங்கு வாட் வேண்டும். சற்றுச் சத்தமாகக் கேட்பதையே காது 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். கூட்டத்துக்குக் கூட்டம் இதைப் பார்த்தவன் நான். ஆகவே, நீங்கள் உட்காரும் இடத்தில் கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து, இரண்டும் ஒரே அளவு காட்டும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகே கேளுங்கள். ஜோடியாக வேண்டாம், முதலில் ஒற்றை ஸ்பீக்கராகக் கேளுங்கள்; குறை சீக்கிரம் பிடிபடும்.

முடிந்தால் மெல்லிய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேளுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல ஆண்டுகள் இந்த மாதிரி மறைவுச் சோதனைகளை நடத்திய ஒலி ஆராய்ச்சியாளர் பிளாயிட் டூல், பின்னர் ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994-இல் ஒரு சோதனை செய்தார். திரைக்குப் பின்னால் இருந்தபோது நல்ல மதிப்பெண் பெற்ற சிறிய, விலை குறைந்த ஸ்பீக்கர், கண்ணால் பார்த்துக் கேட்டபோது கீழே இறங்கிவிட்டது. கேட்டவர்கள் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு உட்காருகிற நமக்கு?

சின்னப் பெட்டி என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. பிரிட்டனின் பிபிசி ஒலிபரப்பு நிறுவனம் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரின் உயரம் ஓர் அடிதான். மனிதக் குரலுக்கு அதை மெச்சுகிறவர்கள் இன்றும் உலகமெங்கும் இருக்கிறார்கள். தரையதிர ஒலிக்காது, கல்யாண மண்டபத்துக்கு ஆகாது. பத்துக்குப் பத்து அறைக்கு டவர் ஸ்பீக்கரைவிட அந்த வகைதான் பொருந்தும் என்பது என் கட்சி. கீழ்ஸ்தாயி குறைவாக வருவதே அங்கே நல்லது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுங்கள். லட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்கு இது நியாயமான எதிர்பார்ப்புதான். என் தங்கை மகன் கேட்டபோது 'பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஆம்ப்ளிபயர் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். எந்த ஸ்பீக்கரோடு இணைத்துக் கேட்டார்கள், அதன் உணர்திறன் எத்தனை டெசிபல், அறையின் நீள அகல உயரம் என்ன, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் மரத்தின் பெயரை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி நிலைய முன்னாள் உரிமையாளர்,
காரைக்குடி.