கம்பளத்துக்குக் கீழே இருக்கும் கரிசல்

கோவில்பட்டி

அன்பு மகன் கண்ணனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். டெக்சாஸில் உன் பிளேனோ வீட்டின் பின்புறத்தில் பேத்திக்காகச் செயற்கைப் புல்லில் பட்டிங் கிரீன் ஒன்று, அதாவது கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் சிறு திடல், அமைக்கப் போவதாகவும், ஒப்பந்தக்காரர் இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விலைப்பட்டியலை இரண்டு முறை படித்தேன். புல்லின் தரம், நிறம், உத்தரவாதம் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. மண்ணைப் பற்றியோ, ஓர் அங்குலம் மணல் பரப்பப்படும் என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. அந்த வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆகஸ்டில் நான் அங்கு வந்திருந்தபோது, உன் வேலியோரம் மண் வெடித்துக் கிடந்த இடத்தில் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தது நினைவிருக்கிறதா? அது நம் ஊர்க் கரிசலேதான். டெக்சாஸின் மாநில மண்ணாகச் சொல்லப்படும் ஹூஸ்டன் பிளாக்கும், நம் பருத்திக் காட்டு மண்ணும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஈரம் பட்டால் உப்பும்; காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். சாலைப் பணியில் சேர்ந்த புதிதில், விளாத்திகுளம் பக்கம் ஈரக் கரிசல் காயும் வரை பொறுக்காமல் அதன் மேல் ஜல்லி கொட்டி உருளை ஓட்டச் சொன்னேன். அடுத்த கோடையில் அந்தச் சாலை நெடுகப் பிளந்தது. பிழை முழுக்க என்னுடையது. வண்டிச் சக்கரம் தாங்கிக்கொள்ளும் மேடுபள்ளத்தைக்கூட, 1.68 அங்குல விட்டமுள்ள ஒரு பந்து தாங்காது. அது உருண்டு வரும்போதே தடம் மாறிவிடும்.

ஆகவே முதலில் மண்ணை வெட்டு. அதற்கு முன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து, எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடங்களைக் குறித்து வாங்கிக்கொள். வெட்டும் நாளில் மண் காலில் ஒட்டக் கூடாது. கையில் பிடித்தால் உதிர வேண்டும். ஆனால் கரிசலில் வெட்டிய பள்ளம் தண்ணீரை உறிஞ்சாமல் தெப்பக்குளம்போல் தேக்கி வைக்கும் என்பதை மறவாதே. பள்ளத்தின் தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, வீட்டுச் சுவரிலிருந்து விலகிய பக்கமாக நீர் வெளியேற வழி செய். சுவரோரம் ஒரு பக்கம் மட்டும் மண் ஊறி உப்பினால் வீட்டின் அடித்தளமே அசையும். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதே.

பள்ளத்தில் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்த பிறகே கல்லைக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மழையிலும் களிமண் மேலேறிக் கல்லோடு கலந்துவிடும். நீ சொல்லும் 12 அடிக்கு 20 அடி இடத்தில், இறுகிய பின் 4 அங்குலக் கனம் நிற்பதற்கு 80 கன அடி தேவை. இறுகும்போது குறைவதையும் சேர்த்து 100 கன அடி, அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் வாங்கு. கீழே தூள் கலந்த உடைகல் 3 அங்குலம், மேலே கிரஷர் பொடி ஓர் அங்குலம். ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நனைத்து, வாடகைக்கு எடுத்த பிளேட் காம்பாக்டரால் இறுக்கு. 20 அடி நீளத்துக்கு மொத்தமாக 3 அங்குலச் சரிவு போதும். வளைவுகள் வேண்டுமென்றால் அவற்றையும் இந்தக் கல்லிலேயே செதுக்கிவிட வேண்டும். மேலே விரிக்கும் புல் கம்பளம் எந்த மேட்டையும் உண்டாக்காது, எந்தப் பள்ளத்தையும் மறைக்காது. குழியைச் சுற்றி மூன்றடிக்காவது சரிவு மிக மெல்லியதாக இருக்கட்டும்.

குழியின் விட்டம் எல்லா நாட்டிலும் நாலேகால் அங்குலம்தான். குழிக்குள் வைக்கும் கிண்ணத்தைக் கல்லடுக்கில் ரசமட்டம் வைத்துப் பதி. அதன் அடித்துளை உடைகல்லோடு சேர்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது.

புல்லைப் பற்றி ஒப்பந்தக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும், புல் இழைகளுக்கு நடுவே இடும் மணலை உலர்ந்த நிலையில், மெல்லிய அடுக்குகளாக, புல்லை எதிர்ப்பக்கம் தேய்த்துத் தேய்த்து இறக்கச் சொல். பந்தின் ஓட்டம் ஓரளவு அதைப் பொறுத்தது. 1935-இல் ஓக்மான்ட் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற ஆட்டக்காரர், புல்வெளியின் வேகத்தை அளப்பதற்கு ஒரு சாய்வுக் கட்டையைச் செய்தாராம். பந்தை அதிலிருந்து உருட்டிவிட்டு, அது எத்தனை அடி ஓடுகிறது என்று இரு திசையிலும் அளந்து சராசரி காண்பதுதான் முறை. ஒன்பது அடி அளவில் ஓடினால் பேத்தியின் பழக்கத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. மதிய வெயிலில் அந்தப் புல் வெறுங்காலைச் சுட்டுவிடும். பிள்ளையைக் காலையிலும் மாலையிலும் மட்டும் ஆட விடு. உன் மேற்குச் சன்னல் கண்ணாடியில் வெயில் பட்டுத் திரும்பி எங்கே விழுகிறது என்பதையும் கவனி. அந்தக் கூசொளி பிளாஸ்டிக் புல்லை உருக்கிவிடக்கூடும்.

ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மழை அதிகம் என்று நீதான் சொன்னாய். அதற்குள் கல்வேலையை முடித்துவிட்டு, கம்பளத்தை விரிக்காமல் ஒரு பெருமழைக்குக் காத்திரு. ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினாலும் இணங்காதே. மழை நின்ற ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எங்கெங்கே ஈரம் மினுங்குகிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்பால் வட்டமிட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பு. பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடு.

அன்புடன்,
அப்பா