சீரியல் எடுப்பவர்களுக்கு ஓர் இளைய தாரத்தின் மடல்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களை எழுதும், எடுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதைகளில் விஷம் கலந்த பால் டம்ளரோடு மாடிப்படி ஏறுவாளே, அவள் நான்தான். மதுரை செல்லூரில் இருக்கிறேன். என் கணவர் முதல் மனைவியை இழந்தவர், அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்; கணவரை இழந்த நான், எனக்கு ஒரு பையன். சேர்ந்து குடும்பம் நடத்துகிறோம். பாலில் இதுவரை ஹார்லிக்ஸ் தவிர எதையும் கலந்ததில்லை.

சண்டை வராமல் இல்லை. ஆனால் நீங்கள் காட்டுகிற சண்டை அல்ல. சின்னவளுக்குக் காதுகுத்து வைத்தோம். உசிலம்பட்டியிலிருந்து அக்காவின் தம்பி (என் கணவரின் முதல் மனைவியை அக்கா என்றுதான் சொல்வேன்) கொட்டுமேளம், சீர்த்தட்டு, மாலை போட்ட கிடா என்று வந்து இறங்கினார். மேலூரிலிருந்து என் அண்ணனும் குறை வைக்கவில்லை. "நானும் தாய்மாமன்தானே?" ஃபிளெக்ஸில் யார் படம் பெரிசு என்று ஆரம்பித்தது, யார் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது என்பதில் வந்து நின்றது. கடைசியில் காது குத்த வந்த ஆசாரியே தீர்ப்புச் சொன்னார்: வலது காது இந்த மடியில், இடது காது அந்த மடியில். கூலியை மட்டும் இரண்டு மாமன்களிடமும் தனித்தனியாக வாங்கிக்கொண்டார். இதை எழுத உங்களுக்கு வில்லி எதற்கு?

அமெரிக்காவில் 1969லேயே 'பிராடி பன்ச்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. அப்பாவோடு மூன்று பையன்கள், அம்மாவோடு மூன்று பெண்கள், ஒரே வீடு. முதல் எபிசோடில் கடைக்குட்டிப் பையன், புது அம்மா வருகிறாளே என்று பெற்றவளின் படத்தை மறைத்து வைப்பான். மறைக்க வேண்டியதில்லை என்று அப்பா சொல்வார். நல்ல காட்சி. அதற்கப்புறம் அந்தத் தாயைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை. புது அம்மாவின் முதல் கணவர் என்ன ஆனார் என்பதை 1974இல் முடியும் வரை சொல்லவே இல்லை.

நீங்கள் அப்படி நழுவாதீர்கள். எங்கள் ஹாலில் அக்கா படமும் என் முதல் கணவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை எகிறும் நாளில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறோம். போனவர்களும் கதையில் இருக்கட்டும்.

சொத்துத் தகராறு இல்லாமல் கதை ஓடாது என்பீர்கள். சரி, அதையும் சொல்கிறேன். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் இவர் சம்பாத்தியத்தில் என் மகனுக்கு நேரடிப் பங்கு கிடையாது. இதை வைத்து இருநூறு எபிசோடுக்குச் சதி ஓட்டுவீர்கள். எங்கள் வீட்டில் பெரியவள்தான் பேச்செடுத்தாள்: "தம்பி பேரையும் எழுதுங்கப்பா." ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு சாப்பிட்ட கையோடு பேசி முடித்துவிட்டோம்.

எங்கள் கதைக்கு அரைமணி நேரம் போதும். மதுரை என்றதும் எங்களை "ஏலே" என்று பேச வைக்காதீர்கள், அது திருநெல்வேலி. அரிவாளும் வேண்டாம், கிடா வெட்டுக்கு வேண்டுமானால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.