ஒரே பொருள், ஐந்து அலமாரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பரந்த வாசிப்பு அக்கம்பக்கத்து மனிதர்களைப் புரியவைக்கும் என்று சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். முழுமனதாக ஏற்கிறோம். ஆனால் "நிறையப் படியுங்கள்" என்று மட்டும் சொன்னால் நாவல் பிரியர் இன்னும் நூறு நாவல் படிப்பார், வரலாற்றுப் பிரியர் இன்னும் நூறு வரலாறு படிப்பார். இருவர் பார்வையும் இருந்த இடத்திலேயே இருக்கும். கிளை நூலக வாசகர் வட்டங்களில் பலன் தரும் ஒரு முறையை இங்கே எழுதுகிறோம்: ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அலமாரி தாண்டிப் படிப்பது.

எங்கள் மலைப்பகுதிக்கு நெருக்கமான தேயிலையையே எடுத்துக்கொள்வோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையில் தேயிலைப் பயிர் 633.72இல் இருக்கும். தொழிலாளர் பற்றியவை 331இல், குடியுரிமைச் சட்டம் 342இல், தமிழ் இலக்கியம் 894.811இல், இலங்கை வரலாறு 954.93இல். வழக்கமான அலமாரி முன் நிற்பவர் கண்ணில் மற்ற நான்கும் படவே படாது. நூலகரிடம் புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல் பொருளைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொன்னால் ஒரு புத்தகம்தான் கைக்கு வரும்.

ஐந்தையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கிறது? எங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தாரில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அங்கிருந்தே தொடங்குவோம். இலங்கையில் முதலில் இருந்தது காப்பி. காப்பிப் பழம் பறிப்பது ஆண்டில் சில மாத வேலை. தமிழகத்திலிருந்து போனவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பறிப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தை வாரம், பத்து நாளுக்கொருமுறை ஆண்டு முழுக்கக் கிள்ள வேண்டும். தாமதித்தால் இலை முற்றிவிடும். அதற்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும், பெண்கள் கைதான் அதிகம் வேண்டும். குடும்பங்கள் லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் தங்கின, பிள்ளைகள் அங்கேயே பிறந்தன.

இதைப் படித்த கையோடு 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைப் படியுங்கள். குடியுரிமை பெற, அங்கேயே பிறந்தவரும் தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று நிறுவ வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரும் அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும். லயத்தில் பிறந்தவர்களின் எத்தனை தகப்பன்மாருக்குப் பிறப்புச் சான்று இருந்திருக்கும்? வந்து போகிறவர்கள் என்று சட்டம் கருதிய மக்கள், தேயிலைச் செடியின் இயல்பால் எப்போதோ அங்கே நிலைத்துவிட்டவர்கள். சட்ட நூல் இதைச் சொல்லாது, பயிர் நூலும் சொல்லாது. இரண்டையும் ஒரே வாரத்தில் படிப்பவருக்குத்தான் இது பிடிபடும்.

பிறகு 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாத இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசுவது என்று எண்ணால் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கப்பட்டன. இன்றும் கூடலூர், கோத்தகிரி கடைத்தெருவில் அவர்களைச் "சிலோன்காரர்" என்கிறார்கள். அவர்களின் முன்னோர் போனது திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து. இதை அறிந்தவர் அந்தச் சொல்லை அதே தொனியில் மறுபடி சொல்லத் தயங்குவார்.

இலக்கிய அலமாரிக்கு வருவோம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கிடைக்கிறது. நோயையும் சாவையும் மருத்துவர் கண்ணால் பார்த்த எழுத்து. இலங்கை மலையகத்துக்கு சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர், மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்தவர்.

இனி நடைமுறை. 12 பேர், ஆறு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம் போதும். முழுப் புத்தகம் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு வாரம் 40 பக்கம், ஒரே அலமாரியிலிருந்து இருவர் அல்லது மூவர். அடுத்த வாரம் அலமாரி மாற வேண்டும். ஆறாவது வாரம் எல்லாரும் தம் குறிப்பேட்டோடு வந்து, ஒரு நூல் சொன்னதை இன்னொன்று மறுக்கும் இடங்களை மட்டும் பேச வேண்டும். குறிப்பேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் நான்கு வரி: எழுதியவர் யார், எந்த ஆண்டு, யாருக்காக, அதில் யார் குரல் இல்லை. நான்காவது வரிதான் கடினம், அதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். தோட்ட முதலாளிகள் தரப்பு ஆவணங்களில் 'கூலி' என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் அது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அங்கே ஆளுக்கே பெயராகிவிட்டது.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே புத்தகத்தைச் சொல்லிவிட்டு, நூலகத்தில் ஒரு படிதான் இருக்கிறது என்று பிறகு கண்டுபிடிப்பது முதல் தவறு. படித்து முடிக்காதவர் கூச்சத்தில் மறுவாரம் வரமாட்டார், மூன்றாம் வாரம் நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். சிறப்பு விருந்தினரை அழைத்தால் வட்டம் கூட்டமாகிவிடும், வந்தவர் பேசுவார், படித்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாவலை முதல் வாரத்தில் வைக்காதீர்கள். அதன் உணர்ச்சி எழும்பிவிட்டால் பயிர் நூலை யாரும் தொடமாட்டார்கள். நாவலில் வரும் 1920களின் ஆனைமலையை அப்படியே இலங்கைக்கு ஏற்றிப் பேசும் குழப்பமும் அதனால்தான் வருகிறது. விவாதம் சாதி, கட்சி என்று சூடாகும்போது ஒரே விதி: பக்க எண் சொல்லாமல் கருத்துச் சொல்லக் கூடாது. இது ஆச்சரியமான அளவுக்கு வேலை செய்கிறது. ஆத்திரத்தில் இருப்பவரும் பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

தனியாகப் படிப்பவருக்கு ஒரு கணக்கு. நாளுக்கு 25 பக்கம் என்றால் 300 பக்க நூல் 12 நாளில் முடியும், ஆண்டுக்கு 30 நூல். அதில் 20 உங்கள் விருப்பத்துக்கு. மீதிப் பத்தை இரண்டு பொருள்களுக்கு ஐந்தைந்தாக ஒதுக்குங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு பொருளுக்கு, அலமாரிக்கு ஒன்றாக ஐந்து நூல்களை, பதிப்பகமும் ஆண்டும் சேர்த்து வெளியிடுங்கள். ஏரி, நெசவு, உப்பு, தீப்பெட்டி, எதுவானாலும் சரி. நூலகத்தில் இல்லாதவற்றை வாங்கச் சொல்லி வாசகர்கள் நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகக் கட்டுகிறோம், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அன்புடன்,
வாசகர் வட்டப் பொறுப்பாளர்கள்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.