தம்பிக்கு, தோல் சாமான் பற்றி

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது தேவலை. சின்னக்கடை பாகப் பிரச்சினை ஒரு வழியாக முடிந்தது, மாமா சொல்லியிருப்பார். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உன் வில் வேட்டைத் தோல் சாமான்களை எடுத்து நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்பறாத்தூணியின் வாய்ப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தையல் ஓரத்தில் லேசாகப் பச்சை. வியர்வை வாடை என்று நீ எழுதியிருக்கிறாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோலில் வெள்ளை பூப்பது இரண்டு விதம். உள்ளே இருக்கும் கொழுப்பு குளிரில் வெளியே வந்து படிவது ஒன்று. அதன்மேல் உள்ளங்கையைச் சற்று நேரம் அழுத்தி வைத்தால் உருகி மறைந்துவிடும். மறையாமல், தொட்டால் தூசியாகப் பறந்து ஈர மண் வாடை அடித்தால் அது பூஞ்சணம். உன்னுடையது பூஞ்சணம்தான். காற்று ஓடுகிற இடத்தில் அது பிடிக்காது. போன வருஷம் கார் ஷெட்டில் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததே, அங்கே நன்றாகத்தானே இருந்தது? இப்போது எங்கே வைத்திருக்கிறாய்?

சரி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே எடுத்துப் போ. மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொள். உலர்ந்த பிரஷால் பூஞ்சணத்தைத் தட்டிவிடு. அப்புறம் வெள்ளை வினிகர் பாதி, தண்ணீர் பாதி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடை. தோல் நனையக் கூடாது, ஈரம் பட்டால் போதும். தையல் பள்ளத்துக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். முன்கைக் காப்பில் உள்பக்கம்தான் உப்பு ஏறியிருக்கும், அதை விட்டுவிடாதே. வியர்வை உப்பு தோலை மட்டும் தின்பதில்லை, நூலையும் இற்றுப்போக வைத்துவிடும். ரத்தக் கறை இருந்தால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும், பயப்படாதே.

ஆப்ப சோடாவைத் தூவித் தேய்க்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அதைச் செய்யாதே. பதனிட்ட தோல் புளிப்புக் குணம் உள்ளது, பிஎச் 4 பக்கம் இருக்கும். சோடா காரம். தோலில் அது தங்கினால் வறண்டு வெடிக்கும். ஒரு கிண்ணத்தில் சோடாவோ கரித்தூளோ போட்டு, மூடிய பெட்டிக்குள் காய்ந்த தோலோடு வைத்தால் வாடையை அது இழுத்துக்கொள்ளும். தோலில் படாமல் இருந்தால் சரி. அம்மா சாம்பிராணி காட்டச் சொல்கிறாள். அது பூஞ்சணத்தை விட மோசமாக மானுக்குத் தெரியும், வேண்டாம். அந்த ஓசோன் மெஷினையும் வாங்காதே. அது தோலையும் ரப்பரையும் சேர்த்துக் கெடுக்கும், நீ சுவாசிக்கவும் நல்லதில்லை. அதிலும் மூடிக் கிடக்கிற அறையில் வைக்கவே கூடாது.

காயவைப்பதில்தான் பாதிப் பேர் தோலைக் கொல்கிறார்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, நேர் வெயிலும் கூடாது. நிழல், காற்று, அவ்வளவுதான். தாத்தாவின் தோப்பரையை, சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற அந்தத் தோல் பையை, நீ எப்படிக் காயவைப்பாய் என்று நினைத்துப் பார். அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் காலையிலேயே அதைக் கழுவி, கவிழ்த்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உதறுவாய். கன்னம் உப்ப வாயால் ஊதி, கழுத்தில் கயிறு கட்டி, வேப்பமர நிழலில் தொங்கவிடுவாய். யாரையும் தொடவிட மாட்டாய். அடுத்த சித்திரையில் எடுத்தால் ஆவாரம்பட்டை மணம் தவிர ஒன்றும் இருக்காது. இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவேன். அப்படிப்பட்ட பிள்ளை கையில் இருக்கிற தோல் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது என்றால் மனசு கேட்கவில்லை தம்பி. தோலுக்காக மட்டும் சொல்லவில்லை.

காய்ந்த பிறகு எண்ணெய். தேங்காய் எண்ணெய் போட்டுவிடாதே, நாளாக நாளாகக் காறல் வாடை வரும். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் நாங்கள் போடும் புங்க எண்ணெய் தோலுக்கு நல்லது, ஆனால் காட்டுக்கே கேட்கிற வாடை. அங்கே கிடைக்கும் மாட்டுக்கால் எண்ணெயே போதும், துணியில் தொட்டு ஒரே ஒரு பூச்சு. அதிகமானால் தோல் தொளதொளத்து அம்பறாத்தூணி நிற்காது. அதற்கும் கொஞ்சம் வாடை உண்டு, அதனால் இப்போதே போடு. அக்டோபர் 1-ல் வில்லுக்குச் சீசன் என்றாயே, அதற்குள் அடங்கிவிடும். கத்தியை உறைக்குள் வைத்துச் சேமிக்காதே. மரப்பட்டையில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் தோல் கறுக்கும், கத்தியும் துருப்பிடிக்கும். நாண் இழுக்கும்போது மாட்டுகிற மெத்தென்ற மயிர்த்தோல் விரல் காப்புக்கு இதில் எதுவும் ஆகாது, உலர்ந்த பிரஷ் மட்டும்.

எவ்வளவு துடைத்தாலும் மானின் மூக்கை முழுதாக ஏமாற்ற முடியாது, அது உனக்கே தெரியும். காற்று மானிடமிருந்து உன்னை நோக்கி வர வேண்டும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் மான் மேல் கை வைக்க முடியாது, அம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. அங்கே லைசன்ஸ் எடுத்துத்தான் போகிறான் என்று சொல்லித் தேற்றினேன். மரத்தில் ஏறினால் விழாமல் பிடிக்கிற பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொள். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன பட்டை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு. தனியாகப் போவதென்றால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. முன்பெல்லாம் நீ காட்டுக்குப் போனால் லதா எங்களுக்கு மெசேஜ் போடும், "இன்னும் வரலை மாமா, வந்ததும் சொல்றேன்" என்று. இப்போது வருவதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் போட்டோவில் தோலுக்குப் பின்னால் சிமென்ட் சுவர் தெரிகிறது. தரையில் ரைஸ் குக்கர், மடித்த படுக்கை, பாதி திறந்த பெட்டி. அது வீட்டின் கீழறை மாதிரி எனக்குத் தெரியவில்லை. உங்கள் கீழறையை லதா போன வருஷம் சுற்றிக் காட்டியிருக்கிறது, அங்கே பாப்பாவின் சைக்கிள் இருந்தது. இது வேறு இடம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவளே பார்த்துவிட்டாள். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வை. இல்லையென்றால் ஈரத்தை இழுக்கும் மெஷின் ஒன்று வாங்கு, பணம் பார்க்காதே, நான் அனுப்புகிறேன். ஈரமான அறையில் தோலை வைத்தால் எத்தனை தடவை துடைத்தாலும் திரும்பப் பூக்கும். உன் சளியும் அதனால்தான் விடாமல் இருக்கிறதோ என்னவோ. சமைத்துச் சாப்பிடு. பாப்பாவை எப்போது பார்க்கிறாய் என்று மட்டும் எழுது.

உன் விரல் காப்பு இனி உழைக்காது, ஓரம் சுருண்டுவிட்டது. ஆவாரம்பட்டைத் தோலில் புதிதாக இரண்டு வெட்டி, ஓரம் தேய்த்து வைத்திருக்கிறேன். பாப்பாவுக்குச் சின்னதாக ஒரு பர்ஸும் தைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே பார்சலாக அனுப்பவா, தனித்தனியாக அனுப்ப வேண்டுமா? விலாசத்தை முழுதாக எழுதி அனுப்பு.

அப்பா