மேய்ச்சல் கோழிக்குச் சாதுத்தனம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கோழி வளர்ப்புக் கட்டுரை, 'திறந்தவெளி மேய்ச்சலுக்குச் சாதுவான இனங்களே ஏற்றவை' என்ற ஒரே வரியில் இனங்களின் குணத்தைப் பேசி முடித்துவிட்டது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்த வரியை நம்பிக் குஞ்சு வாங்கப்போகிறவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

ஆளுக்கு அடங்கி நிற்பது வேறு, ஆபத்தைக் கண்டு தப்புவது வேறு. என்னிடம் இருந்த ஆர்ப்பிங்டன் பெட்டைகளைப் போல் சாதுவான கோழியை நான் கண்டதில்லை. கூப்பிட்டால் காலடியில் வந்து நிற்கும். வேலி தாண்டி நாய் புகுந்த அன்று முதலில் செத்தவை அவைதான். மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் உடம்போடு எவ்வளவு தூரம் ஓடும்? அதே திடலில் மேய்ந்த வெள்ளை லெகார்ன்கள் என்னைக்கூட அருகில் விடாது. தகரம் சரிந்தாலே பறக்கும். பொழுது சாய்ந்தால் மரக்கிளையில் அடையும். அன்று அவை கிளையில்தான் இருந்தன. நாளெல்லாம் அலைந்து கிளறி இரை தேடியதும் அந்த மிரண்ட இனமே. ஆனால் அவை அடைக்கு உட்காருவது அரிது.

அசிலை 'சண்டைக்கோழி' என்று எழுதி நிறுத்திக்கொள்வது தங்கள் இதழின் பழைய வழக்கம். சேவல்கள் ஒன்றையொன்று விடா, பெட்டைகளும் மோதும் என்பது உண்மை. ஆனால் வளர்ப்பவரிடம் அது காட்டும் நிதானத்தை ஒருமுறையாவது எழுதியிருக்கலாமே? குஞ்சுகளைத் தூக்கத் தாழ வந்த பருந்தின் மேல் எழும்பிப் பாய்ந்த அசில் தாயைக் கண்ணால் பார்த்தவள் நான். முட்டை குறைவு என்று தள்ளுகிறீர்கள். பொரித்த குஞ்சைக் காப்பாற்றுவது கணக்கில் வராதா?

ரோட் ஐலண்ட் ரெட் பெட்டைகள் அமைதியானவை என்றது சரி. அந்த இனச் சேவல்களில் சில, குழந்தைகள் மேலேயே பாய்ந்து கால்முள்ளால் கீறும் என்பதை விட்டுவிட்டீர்கள். சில்க்கியைத் திறந்தவெளிக்குப் பரிந்துரைத்ததுதான் தாங்கவில்லை. பறக்க இயலாத, தலை இறகு கண்ணை மறைக்கிற, மழையில் தொப்பலாக நனைந்துவிடுகிற கோழி அது. அடைகாப்பதில் சிறந்ததுதான், ஆனால் பாதுகாப்பான கொட்டகைக்குள்.

முன்பு மேய்ச்சல் கோழிக் கட்டுரைக்குக் கூண்டில் அடைபட்ட முட்டைக்கோழிகளின் படத்தைப் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. கறிக்கோழியும் நன்றாக மேயும் என்று ஒருவர் எழுதியதையும் வெளியிட்டீர்கள். வேகமாக எடை ஏறும் அந்த இனம் தீவனத் தொட்டியருகே படுத்தே கிடக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததா? இத்தனை ஆண்டுகள் தங்கள் இதழை நம்பிப் படிப்பவளுக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இன அட்டவணையில் முட்டை, எடை ஆகியவற்றின் பக்கத்தில், அடைகாக்குமா, மரத்தில் அடையுமா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி