தாண் கோத்திரமும் தொங்கும் எழுத்தும்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கை சொல்வதைக் கேட்டு மாலையில் நடக்கப் போகிறாய் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் பேத்திக்குப் பரீட்சை நேரம். தொலைக்காட்சிக்கு விடுமுறை கொடுத்திருக்கிறார்கள். அந்த அமைதியில் எபிரெய மூலத்தோடு உட்கார்ந்து, நியாயாதிபதிகள் 18-ஆம் அதிகாரம் வரை தமிழாக்கி முடித்திருக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 7-இல் முத்திரை போடப்பட்டவர்களின் பட்டியலில் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஒன்றான தாண் இல்லை, கிறிஸ்துவுக்கு எதிரியாக எழும்பும் அந்திக்கிறிஸ்து அதிலிருந்துதான் வருவான் என்று உங்கள் ஊரில் பிரசங்கம் கேட்டதாக எழுதியிருந்தாய். அது புதிய சரக்கு அல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா இரேனேயு இதை எழுதியிருக்கிறார். அவர் பிடித்துக்கொண்ட வசனம் எரேமியா 8:16. தாணிலிருந்து குதிரைகளின் கனைப்புக் கேட்கிறது என்று வருமே, அதுதான். ஆனால் அங்கே தாண் என்பது ஊர். வடக்கிலிருந்து வரும் படை முதலில் மிதிக்கும் எல்லை ஊர். எதிரி வந்துவிட்டான் என்று தீர்க்கதரிசி பதறுகிறார், அவ்வளவுதான். ஊரைக் கோத்திரமாக்கி, கோத்திரத்தை ஓர் ஆளாக்கி, அவன் தலையில் கொம்பும் வைத்துவிட்டார்கள்! வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் தரும் பட்டியலில் தாண் ஏன் விடுபட்டது என்பதற்கு அந்த அதிகாரம் ஒரு காரணமும் சொல்லவில்லை.

யாக்கோபு சாகும் தறுவாயில் தன் மகன் தாணைப் பாம்பு என்றாரே என்று நீ கேட்பாய். ஆதியாகமம் 49:17-ஐ நான் வசையாகப் படிக்கவில்லை. ‘ஷெஃபிஃபோன்’ என்கிற சொல் எபிரெய வேதத்தில் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் கொம்பு விரியன் என்று பலர் கருதுகிறார்கள். குதிரையின் குதிகாலைக் கடித்தால் மேலே இருப்பவன் மல்லாந்து விழுவான். குதிரைப்படை இல்லாத சிறு கூட்டம் பெரிய படையைச் சாய்க்கும் விதம் அது. தகப்பன் மகனை மெச்சுகிற பேச்சாகவே என் காதில் விழுகிறது. யூதாவைச் சிங்கம் என்றும் பென்யமீனை ஓநாய் என்றும் சொன்ன வாயல்லவா?

தாணைக் குற்றம் சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. அதை யாரும் பிரசங்கிப்பதில்லை.

நியாயாதிபதிகள் 18 சொல்லும் கதை அது. தாண் கோத்திரத்தாருக்குக் கிடைத்த பங்கு மேற்கே, சோரா, எஸ்தாவோல் பக்கம், யோப்பாவுக்கு எதிர்ப்புறம் வரை. எமோரியர் அவர்களைப் பள்ளத்தாக்கில் இறங்கவிடாமல் மலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆகவே வேறு நிலம் தேடி அறுநூறு பேர் ஆயுதங்களோடு வடக்கே புறப்படுகிறார்கள். வழியில் எப்பிராயீம் மலைநாட்டு மீகா என்பவனின் வீட்டுக்குள் புகுந்து அவனுடைய விக்கிரகத்தையும் பூசை செய்யும் லேவியனையும் கொண்டுபோகிறார்கள். அந்த லேவியன் வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, துணிமணி, சாப்பாடு என்று சம்பளம் பேசி வந்தவன். ஒரு வீட்டுக்குப் பூசாரியாக இருப்பது மேலா, ஒரு கோத்திரத்துக்கா என்று கேட்டவுடன் மனம் குளிர்ந்து கிளம்பிவிடுகிறான். நான் செய்த தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே, எனக்கு இனி என்ன இருக்கிறது என்று மீகா கத்துகிறான். தான் செய்ததைத் தெய்வம் என்று அவனையே சொல்லவைக்கிற கதாசிரியரின் குறும்பை நினைத்துச் சிரித்தேன்.

அடுத்த வசனங்களில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்த லாயீஸ் ஊர்க்காரர்கள் ‘ஷோகேட் உவோட்டேயாக்’, அமைதலும் அச்சமின்மையுமாக வாழ்ந்தவர்கள். சீதோன் தூரத்தில் இருந்ததால் காப்பாற்ற ஆளில்லை. தாணியர் அவர்களை வெட்டி, ஊரைக் கொளுத்தி, அங்கே குடியேறித் தாண் என்று பெயர் வைத்தார்கள். இந்த ‘ஷோகேட்’டின் வேரைக் கவனி. தேசம் நாற்பது வருஷம் அமைதலாயிருந்தது என்று ஒத்னியேல், தெபோராள், கிதியோன் காலங்களுக்குச் சொல்லும் அதே வேர். கிதியோனுக்குப் பின் அது இஸ்ரவேலுக்கு வாய்க்கவேயில்லை. கடைசியில் அது ஓர் அந்நிய ஊரில் தென்படுகிறது, இஸ்ரவேலரே போய் அதை எரிக்கிறார்கள். அந்த ஊரைத் தேவன் நம் கையில் கொடுத்தார் என்று முன்னதாக வேவு பார்த்து வந்த தாணியர் சொல்கிறார்கள். கதாசிரியர் தன் வாயால் அதைச் சொல்லவேயில்லை. அதனால்தான் எல்லா இடத்திலும் ‘அமைதல்’ என்றே போட்டிருக்கிறேன். ஓரிடத்தில் ‘இளைப்பாறுதல்’, ஓரிடத்தில் ‘சுகமாய்’ என்று மாற்றினால் தமிழ் இன்னும் ஒழுகலாக வரும்தான், குற்றச்சாட்டு காணாமல் போய்விடும்.

இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகாயெல் யாதின் இந்தத் தாணியரைக் கடல்வழி வந்த தெனியென் என்ற மக்களோடும் கிரேக்கக் காவியங்களில் வரும் தனாய் மக்களோடும் இணைத்துப் பார்த்தார். தாண் ஏன் கப்பல்களில் தங்கினான் என்கிற தெபோராளின் பாட்டு அவருக்குப் பிடிகொம்பு. பெயர் ஒலி ஒத்துப்போவதை வைத்து எழுப்பிய கட்டடத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. தொல்லியலாளர் அவ்ராஹாம் பிரான் 1966 முதல் தோண்டிய தெல் தாண் மேடு, அதாவது அந்தத் தாண் ஊர் இருந்த மேடு, வேறு சங்கதி. எர்மோன் மலை அடிவாரத்து ஊற்றுகளின் பக்கத்தில் இருக்கிறது. அவ்வளவு தண்ணீர் பாய்கிற இடத்தின்மேல் வேவுகாரர்கள் ஏன் கண்வைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ‘தாவீதின் வீடு’ என்று அறிஞர் பெரும்பாலோர் வாசிக்கும் அரமேயக் கல்வெட்டு 1993-இல் அங்கேதான் கிடைத்தது.

இனி உன்னிடம் ஒரு வேலை. 18:30-இல் அந்த லேவியனின் பெயர் முதல்முறையாக வெளிப்படுகிறது: யோனத்தான், கெர்சோமின் மகன். கெர்சோம் யாருடைய மகன்? எபிரெயத்தில் ‘மோசே’யை எழுதும் மூன்று மெய்களுக்கு நடுவே ‘நூன்’ என்ற ‘ன்’ ஒலி எழுத்து ஒன்று வரிக்கு மேலே தொங்குகிறது. அதைச் சேர்த்தால் ‘மனாசே’. மோசேயின் பேரன் விக்கிரகப் பூசாரி என்று எழுதக் கூசி, மூலத்தை அழிக்கவும் கூசி, எழுத்தை மேலே ஏற்றிவிட்டார்கள். மோசேயின் மரியாதைக்காக என்றே இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி விளக்குகிறார். வேதம் முழுவதிலும் இப்படித் தொங்கும் எழுத்துகள் நான்குதான்.

தமிழில் இது அமையவில்லை. ‘மனாசே’யில் ‘னா’வை உயர்த்தினால் மிஞ்சுவது ‘மசே’. ‘மோசே’ என்றே வரியில் போட்டு, அடிக்குறிப்பில் விவரம் தரலாம் என்பது என் எண்ணம். என் மைத்துனர் ‘மனாசே’யை மாற்றாதே, சபையில் சண்டை வரும் என்கிறார். வரட்டும். ஆனால் நீ அச்சுக்கூடத்தில் வயிறு வளர்த்தவன். ஒரே வரியில் இரு பெயரும் தெரியும்படி எழுத்துக் கோக்க வழி இருந்தால் சொல். பக்கத்தைத் தனி உறையில் அனுப்புகிறேன். சிவப்பு மையைத் தாராளமாகப் பயன்படுத்து, ஆனால் ‘அமைதல்’ மேல் மட்டும் கை வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்